திருக்கார்த்திகைக்கு எத்தனை விளக்கு, எத்தனை நாள், என்ன கதை? கொஞ்சம் விரிவா சொல்றேன்

கல்யாணமாகி தனிக்குடித்தனம் வந்து முதல் திருக்கார்த்திகை, அம்மா வீட்ல ஒரே நாள் தான் விளக்கு, மாமியார் வீட்ல மூணு நாள், ஒருத்தர் 27 விளக்கு கட்டாயம்ங்கறாங்க, இன்னொருத்தர் தெற்கு பார்த்து ஒண்ணு கூட இருக்கக் கூடாதுங்கறாங்க, கதை கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஃப்ளாட்ல இருக்கற நாங்க என்ன தான் பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி, ஏன்னா இதுல பயமுறுத்தற மாதிரி விதிகள் தான் இப்ப நிறைய சுத்துது, பண்டிகையோட உயிர் எங்க இருக்குன்னு சொல்றவங்க குறைஞ்சுட்டாங்க.

உங்க ரெண்டு வீட்டு வழக்கமும் சரி தாம்மா. ஒரு நாள் ஏத்தினாலும் திருக்கார்த்திகை தான், மூணு நாள் ஏத்தினாலும் திருக்கார்த்திகை தான். மூணு நாள் எப்படி வருதுன்னா, கார்த்திகை நட்சத்திரத்துக்கு முந்தின நட்சத்திரம் பரணி, அன்னிக்கு பரணி தீபம். மறுநாள் கிருத்திகை, அதான் பெரிய நாள், அண்ணாமலையார் தீபம். அதுக்கு அடுத்த நாள் விஷ்ணு தீபம், பல பெருமாள் கோவில்ல அன்னிக்குத் தான் பனை ஓலையைக் கட்டி நிறுத்தி சொக்கப்பனை கொளுத்துவாங்க. சில ஊர்ல இந்த மூணாவது நாளை குப்பைக் கார்த்திகைன்னு சொல்வாங்க, அதைப் பத்தி பின்னாடி சொல்றேன், எனக்கு அதான் ரொம்பப் பிடிச்ச நாள். பஞ்சாங்கத்துல பார்த்தீங்கன்னா குமாராலய தீபம், சர்வாலய தீபம், விஷ்ணுவாலய தீபம்னு தனித்தனியா போட்டிருக்கும், குழம்ப வேண்டாம், உங்க வீட்டுக்கு எதுவோ அதை எடுத்துக்கோங்க. இலங்கைத் தமிழர் வீடுகள்ல இதையே விளக்கீடுன்னு சொல்லி வாசல்ல வாழைக்குத்தி நட்டு அதுமேல தீபம் வைப்பாங்க.

தேதியில இன்னொரு குழப்பம் வரும். கார்த்திகை தீபம்னா பௌர்ணமி அன்னிக்குத் தானேன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. திருவண்ணாமலையில மகாதீபம் கிருத்திகை நட்சத்திரத்தை வச்சு தான். பௌர்ணமி பெரும்பாலும் கூடவே வரும், ஆனா ஒரு நாள் முன்ன பின்ன போகலாம். 2024ல டிசம்பர் 13 அன்னிக்கு மலையில தீபம் ஏத்தினாங்க, பௌர்ணமி அதுக்கு அப்புறம் தான் வந்துச்சு. 2025லயும் அப்படித்தான், டிசம்பர் 3 தீபம், பௌர்ணமி மறுநாள். அதனால நிலாவைப் பார்த்து நாள் குறிக்காம பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கோங்க.

இப்ப கதைக்கு வரேன். எல்லாருக்கும் தெரிஞ்சது அடிமுடி தேடின கதை. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவங்கன்னு வாக்குவாதம் வந்தப்ப நடுவுல சிவன் ஒரு நெருப்புத் தூணா எழும்பறார், இதோட அடியையோ முடியையோ யார் முதல்ல பார்க்கறாங்களோ அவங்க பெரியவங்கன்னு முடிவாகுது, விஷ்ணு வராகமா மண்ணைத் தோண்டிக்கிட்டு கீழ போறார், பிரம்மா அன்னமா மேல பறக்கறார், ரெண்டு பேராலயும் முடியல. விஷ்ணு திரும்பி வந்து என்னால முடியலன்னு ஒத்துக்கறார். பிரம்மா வழியில மேலருந்து விழுந்துக்கிட்டிருந்த தாழம்பூவை சாட்சிக்கு கூப்பிட்டு முடியைப் பார்த்துட்டேன்னு பொய் சொல்லிடறார். அதனால தான் பிரம்மாவுக்கு தனிக்கோவில் அபூர்வம், சிவபூஜையில தாழம்பூ கிடையாது. அந்த நெருப்புத் தூண் குளிர்ந்து மலையா நின்னது தான் அண்ணாமலை.

ஆனா இந்தக் கதையை சிவராத்திரிக்கும் சொல்லுவாங்களேன்னு நீங்க கேட்கலாம். ஆமா, சொல்லுவாங்க, அது சிவராத்திரிக் கதையும் தான். கார்த்திகை தீபத்துக்குன்னே திருவண்ணாமலையில சொல்ற கதை அம்பாளோடது. கைலாயத்துல அம்பாள் விளையாட்டா சிவனோட கண்ணைப் பொத்திடறாங்க, அந்த ஒரு கணத்துல உலகம் முழுக்க இருட்டாகி உயிர்கள் எல்லாம் தவிச்சுப் போயிடுது. அதுக்குப் பிராயச்சித்தமா காஞ்சியில மணல்ல லிங்கம் பிடிச்சு தவம் பண்றாங்க, அங்கேருந்து அண்ணாமலைக்கு வந்து கௌதம முனிவர் ஆசிரமத்துல தங்கி தவத்தைத் தொடர்றாங்க, இடையில மகிஷாசுர வதமும் நடக்குது, கடைசியில கார்த்திகை தீபத்தன்னிக்கு மலை உச்சியில ஜோதி தெரியுது, அதைப் பார்த்து வலம் வந்த அம்பாள் சிவனோட இடப்பாகத்தை அடையறாங்க. அதனால தான் தீபத்தன்னிக்கு சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வர்றார், வருஷத்துல அந்த ஒரு நாள், அதுவும் ரெண்டு மூணு நிமிஷம் தான், ஆடிக்கிட்டே வந்து காட்சி கொடுத்துட்டு உள்ள போயிடுவார். அந்த நேரத்துல கொடிமரத்துக்கு முன்னாடி அகண்ட தீபம் ஏத்த, அதைப் பார்த்து மலை உச்சியில கொப்பரையில தீபம் ஏத்துவாங்க, ஆறு மணிக்கு ஊரே அண்ணாமலையாருக்கு அரோகரான்னு சொல்றது டிவியில கேட்டாலே உடம்பு சிலிர்க்கும்.

இந்தக் கதையில நான் பிடிச்சுக்கறது என்னன்னா, ஒரு கணம் கண்ணைப் பொத்தினதுல அவதிப்பட்டது யாரு, ஒண்ணும் அறியாத உயிர்கள். அம்பாள் வெளிச்சம் கேட்டது தனக்காக மட்டும் இல்ல. இதை மனசுல வச்சுக்கிட்டு மத்த கதைகளைப் பாருங்க.

முருகன் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சிவனோட நெற்றிக்கண்லேருந்து வந்த ஆறு பொறியும் சரவணப் பொய்கையில ஆறு குழந்தை ஆகுது, கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் எடுத்து வளர்க்கறாங்க, அம்பாள் வந்து ஆறையும் சேர்த்து அணைச்சப்ப ஒரே உருவமா ஆறுமுகன் ஆகறார். வளர்த்த அந்த ஆறு பேரும் வானத்துல நட்சத்திரமா இருக்காங்க, மாசா மாசம் கிருத்திகை விரதம் அவங்களுக்கு நன்றி. வைணவத்துல சொல்றது காஞ்சிபுரத்துக் கதை. பிரம்மா யாகம் பண்றப்ப சரஸ்வதிக்குக் கோபம், யாகத்தைத் தடுக்க உலகத்தை இருட்டாக்கிடறாங்க, அப்ப பெருமாளே விளக்கொளியா நின்னு யாகத்தைக் காப்பாத்தறார், தூப்புல்ல விளக்கொளிப் பெருமாள் கோவில்னு இன்னிக்கும் இருக்கு, தீபப்பிரகாசர்னும் சொல்லுவாங்க.

ஆனா எல்லாத்தையும் விட நான் பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்ற கதை வேதாரண்யத்து எலிக் கதை தான். திருமறைக்காடுன்னா வேதாரண்யம் தான், அந்தக் கோவில்ல ராத்திரி ஒரு விளக்கு அணையற மாதிரி மங்கி எரிஞ்சுக்கிட்டிருக்கு. ஒரு எலி அதுல இருக்கற நெய்யைக் குடிக்க வருது. குடிக்கறப்ப மூக்கு திரியில பட்டு சுட, அது துள்ளினதுல திரி தூண்டி விட்ட மாதிரி ஆகி விளக்கு பிரகாசமா எரிய ஆரம்பிச்சுடுது. எலிக்கு பக்தியும் கிடையாது, விளக்கு ஏத்தணும்ங்கற எண்ணமும் கிடையாது, வந்ததே திருட. ஆனா அந்தப் புண்ணியத்துக்கு சிவன் அதை அடுத்த ஜென்மத்துல மூவுலகையும் ஆள்ற மகாபலியா பிறக்க வைக்கறார். இது பாட்டி கதை மட்டும் இல்ல, அப்பர் தேவாரத்துலயே வருது, எலி மூக்கு சுட்டு விளக்கைத் தூண்டினதும் அதுக்கு உலகம் ஆளக் கொடுத்ததும். கிராமத்துப் பசங்க கார்த்திகை அன்னிக்கு மாவலியோ மாவலின்னு கத்திக்கிட்டு நெருப்புப் பொறி பறக்க சுத்துவாங்களே, அந்த மாவலி இந்த மகாபலி தான்னு பெரியவங்க சொல்லுவாங்க.

மாவலி பார்க்காத பிள்ளைங்க இப்ப நிறைய, அதனால சொல்லிடறேன். ஆண் பனையோட பூவைக் காய வச்சு, குழியில போட்டு மூடி எரிச்சு கரியாக்கி, இடிச்சு சலிச்சு, அந்தத் தூளை பழைய பருத்தித் துணியில நீளமா சுருட்டி இறுக்கிக் கட்டணும். அதைப் பிளந்த பனை மட்டைக்கு நடுவுல வச்சுக் கட்டி, கயிறு போட்டு, நுனியில கங்கு வச்சு சுத்தினா வட்டமா பொறி கொட்டும் பாருங்க, எந்தப் பட்டாசும் கிட்ட வராது, சத்தம் இல்ல, புகை கம்மி. நடுவுல அழிஞ்சே போச்சுன்னு நினைச்சேன், இப்ப சில வருஷமா இளைஞர்கள் திரும்ப செஞ்சு விக்கறாங்க. கிடைச்சா மொட்டை மாடியில இல்ல, திறந்த மைதானத்துல, பெரியவங்க பக்கத்துல நின்னு சுத்த விடுங்க, பொறி ரொம்ப தூரம் பறக்கும்.

இந்த விளக்கு எவ்வளவு பழசுன்னும் தெரிஞ்சுக்கோங்க. அகநானூறு 141வது பாட்டு, நக்கீரர் பாடினது. அறுமீனும், அதாவது கார்த்திகை நட்சத்திரமும், முழுநிலாவும் சேர்ற ராத்திரியில தெருவெல்லாம் விளக்கு வச்சு மாலை தொங்க விட்டு ஊரே கூடற விழா வருது, நம்மளோட சேர்ந்து அதைக் கொண்டாட அவர் வந்துட மாட்டாரான்னு தலைவி ஏங்கறா. அந்த வரிகள்ல புராணக் கதை எதுவும் இல்ல, தெரு, விளக்கு, கூட்டம், பிரிஞ்சு போனவன் வரணும்ங்கற ஆசை, அவ்வளவு தான். அப்புறம் ஏழாம் நூற்றாண்டுல ஞானசம்பந்தர் மயிலாப்பூர்ல பாம்பு கடிச்சு இறந்த பூம்பாவையை எழுப்பப் பாடறப்ப வரிசையா திருவிழாக்களைச் சொல்லி இதெல்லாம் பார்க்காமலா போயிட்டேன்னு கேட்கறார், அதுல தொல்கார்த்திகை நாள் விளக்கீடு வருது. அவர் காலத்துலயே அது தொன்மையானது! தமிழ்நாட்டுல தீபாவளின்னா விடியக்காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வெடி. வரிசையா விளக்கு வைக்கற பண்டிகை நமக்கு கார்த்திகை தான்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒரு வாரம் முன்னாடியே அகல் வாங்கிடுங்க, முடிஞ்சா தெருவோரம் குயவர்கள் கொண்டு வந்து விக்கறதையே வாங்குங்க. புது அகலை தண்ணியில ஒரு ராத்திரி முழுக்க ஊறப் போடணும், இல்லன்னா மண்ணு எண்ணெயைக் குடிச்சுடும், அரை மணி நேரத்துல திரி கருகி நிக்கும், கீழ தரையெல்லாம் எண்ணெய்க் கறை. ஊறினதை எடுத்துத் துடைச்சு நல்லா காய வைங்க, ஈரத்தோட எண்ணெய் விட்டா படபடன்னு வெடிக்கும். அப்புறம் மஞ்சள் குங்குமம். எண்ணெய் நல்லெண்ணெய் போதும், நெய் விடறவங்க விடலாம், இலுப்பெண்ணெய் கிடைச்சா ரொம்ப விசேஷம். கடையில தீப எண்ணெய்னு கலர் கலரா வாசனையோட விக்கறதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன், நிறைய புகை வருது, சமைக்கற நல்லெண்ணெயே ஊத்துங்க. திரியை முழுசா எண்ணெயில நனைச்சுட்டு நுனியை மட்டும் லேசா பிழிஞ்சு விட்டா ஒரே தடவையில பிடிச்சுக்கும்.

கார்த்திகை மாசம் மழைக்காலம், காத்தும் சேர்ந்து அடிக்கும், அதனால திரியை கொஞ்சம் தடிமனா ரெண்டு சேர்த்து முறுக்கி வைங்க. பால்கனியில கைப்பிடிச் சுவர் மேல வைக்காதீங்க, கீழ தரையில சுவரை ஒட்டி வைங்க, காத்தும் அவ்வளவா அடிக்காது, கீழ யார் தலையிலயும் விழாது.

அன்னிக்கு சாயங்காலம் வாசல் பெருக்கித் தண்ணி தெளிச்சு கோலம், செம்மண் இட்டா அழகா இருக்கும். ஃப்ளாட் வாசல்ல இடம் இல்லன்னா சின்ன மனைக்கோலம் போதும். பூஜை ரூம்ல மஞ்சப் பிள்ளையார் பிடிச்சு வச்சு, குத்துவிளக்கைத் துடைச்சுப் பொட்டு வச்சுப் பூ சுத்தி, நைவேத்தியம் எல்லாம் தயாரா வச்சுட்டு டிவியில லைவ் போட்டுடுங்க. மலையில தீபம் ஏறினதும் நீங்க குத்துவிளக்கை ஏத்துங்க. அதுலேருந்து ஒரு அகல், அந்த அகல்லேருந்து மத்ததெல்லாம். தீப்பெட்டியை ஒவ்வொரு விளக்குக்கும் உரசிக்கிட்டிருக்க வேண்டாம். திருவண்ணாமலையில விடியக்காலை நாலு மணி வாக்குல கருவறை முன்னாடி ஒரு தீபம் ஏத்தி அதுலேருந்து அஞ்சு தீபம் ஏத்துவாங்க, அதான் அங்க பரணி தீபம், ஏகன் அநேகன் ஆகறதுன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்ல ஒரு விளக்குலேருந்து வீடு முழுக்க போறதும் அதே தான்.

எங்கெங்க வைக்கணும்னா, வாசல் ரெண்டு பக்கமும் கட்டாயம், அப்புறம் அடுப்படி, துளசி மாடம், பின்கட்டு, மாடிப்படி, மொட்டை மாடி. கிராமத்துல மாட்டுத் தொழுவம், கிணத்தடி, ஆட்டுக்கல் அம்மி பக்கம், களம் எல்லாத்துக்கும் ஒண்ணு போகும். எண்ணிக்கை கேட்டீங்க. 27 நட்சத்திரத்துக்கு 27ன்னு ஏத்தறது நல்ல வழக்கம், வசதி இருந்தா செய்ங்க. கட்டாயம்னு யாராவது பயமுறுத்தினா நம்ப வேண்டாம். ஆறு வைங்க, ஒன்பது வைங்க, ரெண்டே ரெண்டு வாசல்ல வச்சாலும் பண்டிகை நிறைஞ்சுடும். தெற்கு பார்க்கக் கூடாதுங்கறது பூஜை ரூம்ல தினமும் ஏத்தற விளக்குக்குச் சொல்ற வழக்கம், அதைக் கொண்டு வந்து கார்த்திகை அகல்ல வைக்கறது எனக்கு சரியாப் படல. சுத்திச் சுத்தி வரிசையா வைக்கறப்ப நாலு திசையும் வரத்தான் செய்யும். திருவண்ணாமலையில 2668 அடி உயரத்துல, ஆள் உயரக் கொப்பரையில, 3500 கிலோவுக்கு மேல நெய் ஊத்தி, ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியைத் திரியாப் போட்டு எரியற தீபத்துக்கு எந்தத் திசைம்மா? பதினோரு நாள் நாலா பக்கத்து ஊர்க்காரங்களும் பார்க்கறாங்க. அதை ஏத்தற உரிமை பர்வதராஜ குலத்தாரோடது, மீனவர் மரபு, பரம்பரை பரம்பரையா அவங்க தான் ஏத்தறாங்க.

விளக்கு வைக்கறப்ப சொல்ற ஸ்லோகம் ஒண்ணு இருக்கு, "கீடா: பதங்கா: மசகாஸ்ச வ்ருக்ஷா: ஜலே ஸ்தலே யே நிவஸந்தி ஜீவா:"ன்னு ஆரம்பிக்கும். புழு, பூச்சி, கொசு, மரம், தண்ணியில இருக்கறது, நிலத்துல இருக்கறது, எந்த உயிரா இருந்தாலும், யாரா பிறந்திருந்தாலும் இந்தத் தீபத்தைப் பார்த்தா மறுபிறவி இல்லாம போகட்டும்னு அர்த்தம். எனக்குப் பணம் கொடு, என் குடும்பத்தைக் காப்பாத்துன்னு ஒரு வார்த்தை அதுல கிடையாது. கொசுவுக்கு மோட்சம் கேட்டு விளக்கு வைக்கறோம்! எலிக்கு ராஜ்ஜியம் கிடைச்ச கதையும், கண்ணைப் பொத்தினப்ப தவிச்ச உயிர்களும் இதோட சேர்த்துப் பாருங்க, ஒரே இடத்துல தான் வந்து நிக்கும். அதனால தான் இந்த விளக்கு வாசலுக்குப் போகுது, தெருவுக்குப் போகுது, மலை உச்சிக்குப் போகுது. பூஜை ரூம்ல மட்டும் 108 வச்சுட்டு வாசலை இருட்டா விட்டா அது கார்த்திகை ஆகாது, இதை மட்டும் நான் அழுத்திச் சொல்லுவேன். ஸ்லோகம் வாயில நுழையலன்னா அர்த்தத்தைத் தமிழ்ல மனசுல நினைச்சுக்கிட்டு வைங்க, இல்ல அண்ணாமலையாருக்கு அரோகரா சொல்லுங்க.

குப்பைக் கார்த்திகைன்னு சொன்னேன் இல்ல. அன்னிக்கு எருக்குழி, குப்பைமேடு, கொல்லைப்புறம், வருஷம் பூரா யாரும் விளக்கு வைக்காத இடத்துக்கு எல்லாம் ஒரு அகல் போகும். குப்பையிலேருந்து தான் வயலுக்கு உரம், உரத்துலேருந்து தான் சோறு, அதுக்கு ஒரு நாள் மரியாதை. ஃப்ளாட்ல இருக்கறவங்க லிஃப்ட் பக்கத்துல, செக்யூரிட்டி உட்கார்ற இடத்துல, மாடிப்படி முக்குல ஒண்ணு வைக்கலாம். செக்யூரிட்டி அண்ணனுக்கும் கூட்டிப் பெருக்கற அக்காவுக்கும் பொரி உருண்டையோட ஒரு விளக்கு கொடுத்துப் பாருங்க, அவங்க முகத்துல தெரியும். ஷூ ரேக், ஸ்க்ரீன், கேஸ் குழாய், மின்சார மீட்டர் பக்கத்துல மட்டும் வேண்டாம். நீங்களும் ஏத்தறப்ப துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் சொருகிக்கோங்க, பட்டும் சிந்தெட்டிக்கும் வேண்டாம், பருத்தி கட்டுங்க. எரிய விட்டுட்டு வீட்டைப் பூட்டிட்டு கோவிலுக்குப் போகக் கூடாது, ஒருத்தராவது வீட்ல இருக்கணும். சீரியல் லைட் போடறது உங்க இஷ்டம், ஆனா ஒரு மணி நேரமாவது அதை அணைச்சுட்டு அகல் வெளிச்சத்துல மட்டும் இருங்க, அந்த அழகே வேற.

நைவேத்தியம் பொரி தான் முக்கியம். நெல்பொரி, அவல்பொரி ரெண்டும் கார்த்திகை சமயத்துல கடையில வந்துடும். நெல்பொரியில உமி இருக்கும், பொறுமையா புடைச்சுப் பொறுக்கணும், இல்லன்னா சாப்பிடறவங்க தொண்டையில குத்தும். நாலஞ்சு கப் பொரிக்கு ஒரு கப் பொடிச்ச வெல்லம், கால் கப் தண்ணி. வெல்லம் கரைஞ்சதும் வடிகட்டி மண்ணை எடுத்துட்டு திரும்ப அடுப்புல வைங்க. பாகு தான் எல்லாம். ஒரு கிண்ணம் தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாருங்க, கரையாம உருண்டையா வரணும், அந்த உருண்டையைத் தட்டுல போட்டா டங்குனு சத்தம் கேட்கணும், அதான் பதம். அதுக்கு முன்னாடி இறக்கினா உருண்டை மறுநாளே நமுத்து உதிரும், தாண்டிட்டா கல்லு. பல்லு பல்லா கீறி நெய்யில வறுத்த தேங்காய், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு சேர்த்து பொரியில பாகை ஊத்தி கரண்டியால கிளறி, கை பொறுக்கற சூட்டுலயே உருட்டிடணும். கையில தண்ணி தொடாதீங்க, அரிசி மாவு தொட்டுக்கோங்க. முதல் தடவை தனியா பண்றதுன்னா உங்க வீட்டுக்காரரையும் உட்கார வச்சு உருட்ட விடுங்க, ஆறிட்டா உருட்ட வராது, நாலு கை வேணும். உருண்டை பிடிக்கவே வரலன்னாலும் கவலை இல்ல, பாகு கலந்த பொரியை அப்படியே ஒரு கிண்ணத்துல வச்சு நைவேத்தியம் பண்ணலாம்.

இது தவிர அப்பம், அடை, வடை அவங்கவங்க வீட்டு வழக்கம். சில வீட்ல மாவிளக்கு போடுவாங்க. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் திருக்கார்த்திகைன்னாலே ஓலைக் கொழுக்கட்டை தான். பனங்குருத்தோலைக்குள்ள அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், பயறு எல்லாம் கலந்த மாவை வச்சுக் கட்டி அவிப்பாங்க, திறக்கறப்ப ஓலை வாசனை மாவுல ஏறி இருக்கும், அதுக்கு ஈடு கிடையாது. உங்க மாமியார் அந்தப் பக்கம்னா ஃபோன் பண்ணிக் கேட்டு கத்துக்கோங்க, அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்.

கூடப் பிறந்தவங்க விஷயம் ஒண்ணு விட்டுப் போச்சு. பல வீடுகள்ல இது அண்ணன் தம்பிக்காகப் பெண்கள் வேண்டிக்கற நாள், அவங்க பதிலுக்கு கார்த்திகைச் சீர்னு பணமோ புடவையோ பொரி வெல்லமோ கொடுப்பாங்க. உங்க பிறந்த வீட்ல அந்த வழக்கம் இருந்தா முதல் வருஷம் கண்டிப்பா வரும், இல்லன்னா நீங்களே தம்பிக்கு ரெண்டு உருண்டை அனுப்புங்க.

விரதம் பத்தியும் சொல்லிடறேன். இருக்கறவங்க பரணி அன்னிக்கு ராத்திரி லேசா சாப்பிட்டுட்டு மறுநாள் பகல் முழுக்க இருந்து, சாயங்காலம் தீபம் பார்த்துட்டு பொரியும் பாலும் பழமும் எடுத்துப்பாங்க. மருந்து சாப்பிடறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க இருக்க வேண்டாம். வீட்ல வருஷம் திரும்பாத துக்கம் இருந்தா வாசல் வரிசையும் பலகாரமும் தவிர்த்துட்டு சாமி விளக்கு மட்டும் ஏத்துவாங்க, ஆனா இது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. மாதவிலக்கு நாள்ல வந்துட்டா உங்க வீட்டுக்காரர் ஏத்தட்டும், ஆம்பளைங்க ஏத்தக் கூடாதுன்னு ஒண்ணும் கிடையாது, மலை மேல ஏத்தறதே அவங்க தானே.

விளக்கை வாயால ஊதி அணைக்காதீங்க. தானா எண்ணெய் தீர்ந்து மலையேறினா சரி, தூங்கப் போறதுக்கு முன்னாடி எரிஞ்சுக்கிட்டிருந்தா ஒரு பூக்காம்பால திரியை எண்ணெய்க்குள்ள இழுத்துக் குளிர வைங்க. பழைய அகலை மறு வருஷம் ஏத்தலாமா, தாராளமா ஏத்தலாம். சுடுதண்ணியில சோடா உப்பு போட்டு ஊற வச்சுத் தேய்ச்சு, வெயில்ல காய வச்சு பேப்பர்ல சுத்தி எடுத்து வைங்க, அடுத்த கார்த்திகைக்கு புதுசா ஒரு நாலஞ்சு வாங்கி அதோட சேர்த்துக்கோங்க. விரிசல் விட்டதை மட்டும் தொட்டியில செடிக்கு அடியில போட்டுடுங்க, எண்ணெய் ஒழுகி தரையில திரி பத்தறது அந்த விரிசல் விட்ட அகல்னால தான்.